சீதன வீட்டை இடித்த மாப்பிள்ளைக்கு

தம்பி,

இதை நீ வாசிக்கும்போது நான் அடுத்த அறையில்தான் இருப்பேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே இவள் என்று நீ சிரிப்பாய். சிரி. நேரே சொல்ல வந்தால், எங்கே தொடங்கினாலும் நான் சண்டையில்தான் கொண்டுபோய் முடிப்பேன் என்பது உனக்குத் தெரியும், உன் அப்பாவுக்குத் தெரியும், அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் தெரியும். வருகிற கிழமை உனக்குக் கலியாணம். பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கட்டிக் கொடுக்க, மாப்பிள்ளை அங்கே போய் இருப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே நீ கடற்கரையோரச் சல்லிக் கிராமத்துக்குப் போகிறாய். பெண்ணைப் பெற்றவர்கள்தான் பிள்ளையை அனுப்பிவிட்டு அழுவார்கள் என்று மற்ற ஊர்களில் சொல்வார்களாம். இங்கே எங்களைப் போல மகனைப் பெற்றவர்களுக்கும் அந்த வேலை இருக்கிறது. அழுது தொலைப்பதற்கு முன்னால், உன்னைப் பற்றி எனக்கு இருக்கிற பெருமையை ஒரு முறையாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நான் கதிரை, மேசை, தகரப்பந்தல் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறவள். உப்புவெளியில் இருந்து நிலாவெளி வரைக்கும் நடந்த கலியாணங்களில் என் கதிரையில் இருக்காத ஆள் குறைவு. எந்த வீட்டில் என்ன பேச்சு நடந்தது, எந்தச் சம்பந்தி எதற்குக் கோபித்துக்கொண்டு பந்தியில் இருந்து எழும்பினார் என்பதெல்லாம் கதிரை அடுக்குகிறவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவ்வளவும் பார்த்திருந்தும், உனக்குப் பெண் பேசப் போன அன்று என் தலையில் கனம் ஏறிவிட்டது. என் மகன் பிரதேச சபையில் உத்தியோகம். வீடு கட்டுகிறவர்கள் கொண்டுவரும் படங்களைப் பார்த்து, இடத்தைப் பார்த்து, கட்டலாமா கூடாதா என்று சொல்கிறவன். அப்படிப்பட்டவனுக்கு ஏதோ இரண்டு அறை வீடா? பெண்ணின் தகப்பன் பொன்னுத்துரை அண்ணரின் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, கை நீட்டிக் கடற்கரைக் காணியைக் காட்டினேன். “கடல் பாத்த வாசல், மேல ஒரு மாடி. வீடு முடிஞ்சாப் பிறகு கலியாணத்துக்கு நாள் பாப்பம்,” என்றேன். பெண் தர்ஷினியின் தாய்மாமன் தலையாட்டினார். பொன்னுத்துரை அண்ணர் மட்டும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஓம், செய்வம்,” என்றார். அவர் ஏன் அந்தக் கொஞ்ச நேரம் எடுத்தார் என்று நான் யோசிக்கவேயில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் நான் எழுதுகிற கடிதத்தில் என் பாட்டுக்குச் சொல்ல விடு. நல்ல நேரம் வந்தது, நாட்கல் வைத்து வீட்டு வேலையைத் தொடங்கினார்கள். சபையின் அனுமதி பிறகு வரட்டும், நல்ல நேரம் திரும்பி வராது என்பதுதானே எல்லார் வீட்டுக் கணக்கும்? நானும் வெற்றிலைத் தட்டத்தோடு போய் நின்றேன். கருங்கல்லும் சீமெந்துமாக அத்திவாரம் மண்ணுக்கு மேலே வந்த பிறகுதான் வீட்டுப் படம் சபைக்குப் போனது. போன இடத்தில் உன் மேசைக்கே வந்து சேர்ந்தது. வேறு ஒருவன் என்றால் அதைக் கடவுள் செயல் என்று நினைத்திருப்பான். நீ என்ன செய்தாய்? இது எனக்குச் சீதனமாக வரப்போகிற வீடு, இதை நான் பார்ப்பது முறையில்லை என்று எழுதி, உன்னோடு வேலை செய்கிற இன்னொருவரிடம் கொடுத்துவிட்டாய். அவர் போய்ப் பார்த்தார். கடற்கரையில் இருந்து வீடு கட்டாமல் விடவேண்டிய எல்லைக்குள் காணி முழுவதும் விழுகிறது, வள்ளம் இழுத்து வைக்கலாம், வலை வைக்க ஓலையால் ஒரு வாடி போடலாம், குடியிருக்கக் கல்வீடு கட்ட ஏலாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் எனக்கே இப்போது சிரிப்பு வருகிறது. “ஒரு கையெழுத்துத்தானே தம்பி, அதை நீயே வைச்சிருந்தா முடிஞ்சுதே!” என்றேன். “என்ர கையெழுத்து எண்டதாலதான் அம்மா ஏலாது,” என்றாய். தேர்தல் கூட்டங்களுக்கு என்னிடம் கதிரை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் ஒரு சொல்லுச் சொன்னால் போதும் என்று எழும்பினேன். நீ இடியப்பத்தைப் பிய்த்தபடி, சத்தம் போடாமல், “நீங்கள் அவையிட்டச் சொல்லுவீங்கள். கடல் எழும்பி வந்தா ஆரிட்டச் சொல்லுவீங்கள்?” என்றாய். வாயே திறக்காத உன் அப்பா அன்றைக்கென்று பார்த்து வாயைத் திறந்தார். “கடலும் ஒருக்கா இவவிட்டக் கதிரை எடுத்ததுதானே. அந்தப் பழக்கத்தில கதைச்சுப் பாப்பா.” சுனாமியில் என் கதிரைகள் போன கதையைத்தான் அவர் குத்தினார். அந்த மார்கழியில் சல்லியில் ஒரு வீட்டு விசேஷத்துக்குக் கொடுத்திருந்த கதிரைகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நான் அகப்பையைச் சட்டிக்குள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நீ சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாய்.

அந்தச் சனிக்கிழமை காலை, நீ கல் கிளப்புகிற அலவாங்கை எடுத்துக்கொண்டு சல்லிக்குப் போய்விட்டாய் என்று அப்பா சொன்னார். சீதன வீடு கட்டி முடிந்து பால் காய்ச்சும்வரை மாப்பிள்ளை அந்த வளவுக்குள் கால் வைப்பதில்லை. என் மகன் கால் வைத்ததும் அல்லாமல், கட்டியதை இடிக்கவும் போயிருக்கிறான்! இந்தக் கலியாணம் இனி இல்லை என்றே நினைத்துவிட்டேன். உன்னைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு வரத்தான் ஓட்டோ பிடித்து வந்தேன். இதையும் உனக்கு இப்போதுதான் சொல்கிறேன். வந்து பார்த்தால் வெயிலில் நீ சேர்ட்டைக் கழற்றிவிட்டு அத்திவாரக் கல்லைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறாய். கடற்கரையில் கருவாடு காயப்போடுகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தர்ஷினியின் தாய்மாமன் சைக்கிளை மண்ணில் போட்டுவிட்டுக் கத்துகிறார். “ஊரில மாப்பிள்ளையள் சீதனம் காணாது எண்டு சண்டை பிடிப்பாங்கள். இஞ்ச ஒருத்தர் வந்து சீதன வீட்டையே இடிக்கிறார்! எங்களுக்கு என்ன மரியாதை இருக்கு?” பொன்னுத்துரை அண்ணர் வள்ளத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நீ அடுத்த கல்லுக்கு அடியில் அலவாங்கைச் செருகினாய். அப்போதுதான் அந்தப் பெட்டை தர்ஷினி, நீ கிளப்பிப் போட்ட கல்லைப் பனையோலைக் கடகத்தில் தூக்கி இடுப்பில் வைத்தபடி, “மாமா, இது எனக்குத் தாற வீடு. என்ர வீட்டைத்தான் நாங்கள் ரெண்டு பேரும் இடிக்கிறம். நீங்கள் ஏன் கத்திறியள்?” என்றாள்.

தம்பி, உன் தாய் யாரிடமும் லேசில் வாயடைத்துப் போகிறவள் இல்லை. அன்று போனேன். காதைப் பிடிக்க வந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, யாரோ ஓடிப்போய் எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தார்கள். நிறமெல்லாம் வெளிறிப்போன பழைய பிளாஸ்டிக் கதிரை. இருக்கப் போகும்போது முதுகுப் பக்கத்தைப் பார்த்தேன். சிவப்புப் பொட்டு. என் ஒவ்வொரு கதிரையிலும் நான் என் கையால் வைக்கிற பெயின்ட் பொட்டு. அவ்வளவு பெரிய காரியம் நடந்துகொண்டிருக்கிற இடத்தில் என் வாயில் இருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? “இது எங்கட கதிரையெல்லோ!” நீ அலவாங்கோடு திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். இந்த மனுசிக்கு எந்த இடத்தில் என்ன கதைப்பது என்று தெரியாதா என்பது போல இருந்தது.

ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் பொன்னுத்துரை அண்ணர் திரும்பி வந்தார். “ஓம் தங்கச்சி, உங்கடதான். அலை வந்து போன பிறகு கோயிலுக்குப் பின்னால இருக்கிற எங்கட மேட்டுக் காணியின்ர விளிம்பில, அலை ஓய்ஞ்ச இடத்தில, அந்தப் பழைய கேணிக்குள்ள கிடந்தது. எங்கட வீடு போயிட்டுது. வள்ளம் போயிட்டுது. இவளைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறன், இருக்க ஒரு இடம் இல்லை. இந்தக் கதிரை ஒண்டுதான். அப்ப ஆரின்ர எண்டு தெரியாது, பிறகு தெரிஞ்சும் திருப்பிக் குடுக்க மனம் வரேல்ல,” என்றார். போன வீடு எங்கே இருந்தது என்று கேட்டேன். அவர் காலடியைக் காட்டினார். நீ கல் கிளப்பிக்கொண்டிருந்த அதே இடம். அலை கொண்டுபோன வீட்டின் மண்ணில் திரும்பவும் வீடு கட்டச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்ற ஒரே பயத்தில் அந்த மனிதர் ஓம் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பி நின்றேதான் சொன்னேன்: “அண்ணர், எனக்கு மாடியும் வேண்டாம், கடலும் வேண்டாம். பிள்ளையள் நித்திரை கொள்ளக்கூடிய இடத்தில ஒரு வீடு போதும்.” பிறகு சேலையைச் சொருகிக்கொண்டு நானும் ஒரு கடகம் எடுத்தேன். நீ பாரம் குறைந்த கல்லாகப் பார்த்து என் கடகத்தில் போட்டாய்.

இடிக்கிறதோடு கதை முடிந்திருந்தால் உன் அப்பா சொல்வது போல நீ வெறும் பிடிவாதக்காரன் என்று விட்டிருப்பேன். அடுத்த காணியில்தான் உன் பிடிவாதத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். மேட்டுக் காணியில் வீடு கட்டுவோம் என்று எல்லாரும் சம்மதித்தார்கள். அங்கே ஒரு மூலையில் அந்தக் கேணி. கல் படிகள், படியின் ஓரத்தில் தேய்ந்துபோன பூ வேலை, யார் காலத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தர்ஷினியின் தாய்மாமன் என்னையும் உன்னையும் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார். “இடிச்ச கல்லெல்லாம் சும்மாதானே கிடக்கு. கொண்டுபோய் அந்தக் கிடங்குக்குள்ள கொட்டி மண்ணை மூடிவிடுவம். பழசு எண்டு தொல்பொருள்காரர் வந்து ஒரு பலகை நட்டா, காணி எங்கட கையை விட்டுப் போயிடும். எத்தினை இடத்தில பயந்துகொண்டு இருக்கிறம்.” அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த மாவட்டத்தில் காணி வைத்திருக்கிற எல்லாருக்கும் அடிவயிற்றில் இருக்கிற பயம் அது. எனக்கும் அவர் சொன்னது சரியென்றே பட்டது.

நீ வீட்டுக்கு வந்து மேசையில் தாளை விரித்தாய். புது வீட்டின் படத்தை வரையத் தொடங்கும் முன்னமே கேணியை வரைந்தாய். படிகள், மூலைகள், பக்கத்தில் நிற்கிற வேம்பு, எல்லாம். “இருக்கிறதை ஏன் தம்பி நீயே காட்டிக் குடுக்கிறாய்?” என்று கேட்டேன். பென்சிலை வைத்துவிட்டு நீ சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. “மூடினா அது இல்லாமப் போயிடும் அம்மா. பிறகு எங்கட ஆக்கள் இஞ்ச இருந்தவை எண்டதுக்கு என்ன இருக்கு? காணி உறுதியில பொன்னுத்துரை மாமான்ர பேர் இருக்கு, படத்தில கேணி இருக்கு. ரெண்டும் ஒரே தாளில இருக்கட்டும். ஆரும் வந்து பாக்கட்டும்.” தாய்மாமனுக்கும் இதையே போய்ச் சொன்னாய். அவர் உடனே சமாதானமாகவில்லை. பிறகு நீ பொன்னுத்துரை அண்ணரைக் கூட்டிக்கொண்டு தொல்பொருள் திணைக்களக் கந்தோருக்குப் போனாய். கேணியைப் பார்க்க அங்கிருந்து வந்தது ஒரு இளம் பெண்பிள்ளை, கழுத்தில் கமெராவோடு. பயத்தில் தாய்மாமன் அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவள் பலகை ஒன்றும் நடவில்லை. கேணியில் இருந்து வீட்டைத் தள்ளிக் கட்டவேண்டும், ஆழத் தோண்டக் கூடாது, மாடி கூடாது, கேணியை மறைத்து மதில் எழுப்பக் கூடாது, படிகளைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். கடைசியில் சபை அனுமதி கொடுத்தபோதும் அந்தப் படத்தில் உன் கையெழுத்து இல்லை. வேறு ஒருவர்தான் வைத்தார். அதை நான் ஒழுங்கை முழுவதும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், என் மகன்ர கையெழுத்து இல்லாமலே அவன்ர வீடு பாஸ் ஆயிட்டுது என்று.

வீடு சின்னதுதான். இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. கடற்கரையில் இருந்து நாங்கள் சுமந்த அதே கருங்கல்தான் இப்போது அதன் அத்திவாரம், ஆழமில்லாமல் அகலமாகப் பரப்பிக் கட்டியது. ஓடு போட்டாயிற்று, பூச்சு வேலை மிச்சம் இருக்கிறது. வீடு முடிந்த பிறகுதான் கலியாணம் என்று சொன்ன வாயால் நானே போய், பூச்சுப் பூசாவிட்டால் என்ன, நாளை வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பொன்னுத்துரை அண்ணருக்கு ஒரே ஒரு குறை, வீட்டில் இருந்து பார்த்தால் வள்ளம் தெரியாதாம். விடிய எழும்பியதும் வள்ளத்தைப் பார்த்துப் பழகிய மனிதர். அதற்கும் நீ வழி பார்த்தாய். வாசலை ஒழுங்கைக்கு நேரே வைத்தாய். கதவைத் திறந்தால் ஒழுங்கையின் கடைசியில் வள்ளத்தின் முன்முனை அணியம் தெரிகிறது. குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, “காணும், இது காணும்,” என்று அவர் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தாயா? நான் உன் முகத்தைத்தான் பார்த்தேன்.

இனி புத்தி சொல்லாவிட்டால் நான் உன் தாய் இல்லை. தம்பி, கந்தோரில் நீ சரியாக இருப்பது நல்லது. வீட்டுக்குள் எல்லா நேரமும் சரியாக இருக்கப் பார்க்காதே. உன் அப்பா என்னோடு இவ்வளவு காலம் இருந்தது அப்படித்தான். பாதி நேரம் நான் பிழை என்று அவருக்குத் தெரியும், அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து தருவார். தர்ஷினி உன்னோடு கல் சுமந்தவள். நாளைக்கு அவள் உன்னோடு சண்டை பிடித்தால், அன்று வெயிலில் கடகத்தோடு நின்றதை நினைத்துக்கொள். அவளுடைய தாய்மாமன் கத்தினால் கத்தட்டும், அவருக்கு நீதான் முதல் தட்டத்தை நீட்டவேண்டும். பயந்த மனிதரை எதிரி என்று நினைத்துவிடாதே. மாமனாரிடம் அடிக்கடி போய், செய்ய ஒன்றும் இல்லாவிட்டாலும் வள்ளத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா. மாதத்தில் ஒரு நாள் நீயே இறங்கிக் கேணிப் படியைக் கூட்டு, ஆள் விடாதே. எங்களையும் வந்து பார், ஆனால் நாங்கள் தனியாக இருக்கிறோம் என்று நினைத்து வராதே, பசித்தால் வா.

கலியாணப் பந்தலைக் கடற்கரைக் காணியில்தான் போடப்போகிறேன். வீடு கட்டக் கூடாத இடத்தில் ஒரு நாள் பந்தல் போடலாமா என்று அதையும் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாயே, அதற்கு நான் உன்னைத் திட்டியதும் ஞாபகம் இருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால், சின்ன வயதிலேயே நீ அப்படித்தான். ஒழுங்கையில் பந்தல் கழற்றினால் மற்றவர்கள் தகரத்தை ஏற்றுவார்கள், நீ மண்வெட்டியோடு கால் நட்ட குழிகளைத் தேடித்தேடி மூடுவாய். ஆராவது இருட்டில கால் வைச்சு விழுந்திடுவினம் அம்மா என்பாய். எனக்கு அப்போது அது வீண்வேலையாகத் தெரிந்தது. இந்த முறை பொடியன்களிடம் நானே சொல்லிவிட்டேன்: கலியாணம் முடிந்த அடுத்த நாள் அந்த மண்ணில் ஒரு குழிகூட இருக்கக் கூடாது, இங்கே பந்தல் நின்றது என்று அலைக்கே தெரியக் கூடாது.

எல்லாக் கதிரையும் வருகிறது. கழுவி, துடைத்து, பொட்டு அழிந்தவற்றுக்குப் புதுப் பொட்டு வைத்து அடுக்கியிருக்கிறேன். விசேஷம் முடிந்ததும் ஒன்று விடாமல் எண்ணி ஏற்றுவேன், அதில் சம்பந்தி என்றும் பார்க்க மாட்டேன். ஆனால் கேணிக்குள் கிடந்த அந்த வெளிறிய கதிரையை மட்டும் லொறியில் ஏற்றவேண்டாம் என்று சொல்லிவிடு. அன்றைக்கு அதை என்னுடையது என்று சொன்னேன்தானே, இன்றைக்கும் சொல்கிறேன், அது என்னுடையதுதான். உன் புது வீட்டு வாசலில், ஒழுங்கையும் வள்ளமும் தெரிகிற பக்கமாக அதைப் போட்டு வை. வேறு யாரையும் அதில் இருக்கவிடாதே. நான் வருவேன்.

உன் அம்மா